ஏரியில் படகு விடுவதற்கு முன்னால்...

போன வாரம் எங்கள் ஹாஸ்டலில் ஒரு மனு சுற்றிக்கொண்டு இருந்தது. ஊருக்கு வெளியே இருக்கும் ஏரிக்கரையில் நடைபாதை போட்டாகிவிட்டது, பெஞ்சும் போட்டாகிவிட்டது. அடுத்து படகு விட வேண்டும். அதற்கு வருஷம் முழுக்க ஏரியில் தண்ணீர் நிற்க வேண்டும். அதனால் கலங்கலை ஒரு அடி உயர்த்திக் கட்டித் தர வேண்டும். இதுதான் மனு. என் கையெழுத்து 17-வது. படித்துப் பார்த்துவிட்டா போட்டாய் என்று கேட்காதீர்கள். எனக்கு முன்னால் போட்ட 16 பேரும் படிக்கவில்லை என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

கையெழுத்துப் போட்டுவிட்டு ரூமுக்கு வந்த பிறகுதான் அந்த "ஒரு அடி" உறுத்த ஆரம்பித்தது. சிவில் படிப்பவனுக்கு இதுகூட உறுத்தவில்லை என்றால் அப்புறம் எதற்கு அரியர் வைத்து அரியர் வைத்து ஹைட்ராலிக்ஸ் படித்தேன்? அதனால்தான் இந்தக் கட்டுரை. படகு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் ஓடிவிடாதீர்கள்.

ஏரிக்கரையும் அணைதான்

அணை என்றால் நமக்கு மேட்டூர், பவானிசாகர், முல்லைப் பெரியாறு என்றுதான் ஞாபகம் வரும். ஏரிக்கரை என்றால் மாடு மேய்வதும், சாயங்காலம் காற்று வாங்குவதும். ஆனால் ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பள்ளம், நடுவில் கொட்டி இறுக்கிய மண் என்றால் அது அணைதான். ஊட்டி ஏரியையும் கொடைக்கானல் ஏரியையும் இயற்கை ஏரி என்று நினைத்துக்கொண்டுதான் நம்மில் பலர் படகில் ஏறுகிறோம். முதலாவது 1820-களில் கலெக்டர் ஜான் சல்லிவன் தேக்கியது. இரண்டாவது 1863-ல் லெவிஞ்ச் என்ற மதுரை கலெக்டர் தேக்கியது. தமிழ்நாட்டில் இருக்கும் ஏரிகளும் குளங்களும் 39,000-க்கும் மேல். அதாவது அத்தனை மண் அணைகள்.

இந்த மாதிரி சின்ன மண் அணை ஒன்று என்ன செய்யும் என்பதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்ளும் கதை அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தில் நடந்தது. அங்கேயும் சம்பந்தப்பட்டது ஒரு கல்லூரிதான்.

டக்கோவா, 1977

டக்கோவா ஃபால்ஸ் என்ற ஊரில் ஒரு பைபிள் கல்லூரி. வளாகத்துக்குள்ளேயே 186 அடி உயர அருவி. அருவிக்கும் மேலே, ஓடையைத் தடுத்து ஒரு ஏரி. அந்தத் தடுப்புக்குப் பெயர் கெல்லி பார்ன்ஸ் அணை. உயரம் சுமார் 38 அடி, நீளம் 400 அடி, ஏரியின் பரப்பு 40 ஏக்கர். நம் ஊரில் இதைச் "சின்ன ஏரி" என்றுதான் சொல்வார்கள்.

1899 வாக்கில் மரச்சட்டத்துக்குள் கல் அடுக்கி ஒரு தடுப்பாகத்தான் அது ஆரம்பித்தது. பிறகு கல்லூரி தனக்கு மின்சாரம் எடுத்துக்கொள்வதற்காக அதன்மேல் மண் கொட்டி உயர்த்தினார்கள், பின்னால் இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்கள். 1957-ல் மின்சாரம் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த ஏரிக்கு ஒரே வேலை, மீன் பிடிப்பதும் படகு விடுவதும்.

1977 நவம்பர் முதல் வாரம் நல்ல மழை. 6-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஒன்றரை மணி அளவில் கரை உடைந்தது. எல்லோரும் தூங்கிக்கொண்டு இருக்கிற நேரம். அருவியில் விழுந்த தண்ணீர் நேராக வளாகத்துக்குள் பாய்ந்தது. கல்யாணமான மாணவர்கள் குடும்பத்தோடு தங்கியிருந்த டிரெய்லர் வீடுகள் அடித்துக்கொண்டு போயின. 39 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் சேர்த்து.

உடைந்த நேரத்தில் வந்த தண்ணீரின் உச்சம் நொடிக்குச் சுமார் 24,000 கன அடி என்று கணக்கிட்டார்கள். இந்த எண் எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டுமா? 2015 டிசம்பரில் சென்னையே மிதந்தபோது செம்பரம்பாக்கத்தில் இருந்து திறந்துவிட்ட அதிகபட்ச அளவு 29,000 கன அடி. அங்கே அவ்வளவு பெரிய ஏரி, மணிக்கணக்கில் விட்டது. இங்கே 40 ஏக்கர் ஏரி, சில நிமிஷங்களில் கொட்டிவிட்டது. சின்ன ஏரி உடைந்தால் சின்ன வெள்ளம்தான் வரும் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு ஒப்பீடு போதும்.

ஏன் உடைந்தது என்று விசாரித்தவர்கள் இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டவில்லை. பல பலவீனங்கள் சேர்ந்து கொண்டன என்றார்கள். வெளிச்சரிவு செங்குத்தாக இருந்தது. அதில் மரங்கள் வளர்ந்திருந்தன. பழைய மின்நிலையக் குழாய் கரைக்குள்ளேயே கிடந்தது. 1973-ல் எடுத்த ஒரு போட்டோவில் வெளிச்சரிவின் ஒரு பகுதி சரிந்து கிடப்பது தெளிவாகத் தெரிந்தது. 1973! உடைவதற்கு 4 வருஷம் முன்னால். கரையே "எனக்கு முடியவில்லை" என்று சொல்லியிருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை.

ஆள் எங்கே போனது?

என் கட்சி இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த ஏரிக்கு 1957 வரை ஒரு காவல் இருந்தது. காவல்காரன் என்று பெயர் போட்டு இருந்திருக்க வேண்டியதில்லை. மின்சாரம் வேண்டும் என்பதற்காகவே யாராவது தண்ணீர் மட்டத்தையும் குழாயையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். வேலை நின்றதும் அந்தத் தேவையும் நின்றது. மீன் பிடிக்கப் போகிறவன் தூண்டிலைப் பார்ப்பான், படகில் போகிறவன் பக்கத்தில் இருக்கிறவளைப் பார்ப்பான். கரையின் வெளிப்பக்கம் இறங்கி, புல்லுக்குள் குனிந்து, ஈரம் இருக்கிறதா என்று யார் பார்ப்பார்கள்?

இது டக்கோவாவில் மட்டும் நடந்தது இல்லை. பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் அணை என்று ஒன்று. அதுவும் மண் அணை. கால்வாய்ப் போக்குவரத்துக்குத் தண்ணீர் தருவதற்காகக் கட்டினார்கள், 1853-ல் முடிந்தது. ரயில் வந்தது, கால்வாய்க்கு வேலை இல்லாமல் போனது. அணை கை மாறிக் கை மாறி, கடைசியில் பணக்காரர்களின் மீன்பிடி மற்றும் வேட்டை கிளப் ஒன்றிடம் வந்து சேர்ந்தது. ஆண்ட்ரூ கார்னெகி எல்லாம் அதில் மெம்பர். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வண்டி போக வசதியாகக் கரையின் உச்சியைச் சில அடி தாழ்த்தினார்கள். வளர்த்த மீன் தப்பித்துப் போகக்கூடாது என்று உபரி நீர் போகிற வழியில் கம்பி வலை கட்டினார்கள். அடியில் இருந்து தண்ணீரை வெளியேற்றும் குழாய்களை முன்பே ஒருவர் கழற்றி விற்றிருந்தார், அதைத் திரும்பப் போடவே இல்லை. 1889 மே 31-ல் பெரும் மழை. கம்பி வலையில் குப்பை அடைத்துக்கொண்டது, தண்ணீர் கரைமேல் ஏறி வழிந்தது, கரை போனது. கீழே ஜான்ஸ்டவுன் நகரத்தில் 2,209 பேர் இறந்தார்கள்.

ஹவாயில் கா லோகோ அணை. கரும்புத் தோட்டத்துக்காகக் கட்டியது. தோட்டக் கம்பெனி 1971-ல் மூடிவிட்டது. 2006 மார்ச் 14-ல் அணை உடைந்து 7 பேர் இறந்தார்கள். உபரி நீர் வழி மண்ணால் மூடப்பட்டிருக்கலாம் என்று மாநிலம் அமர்த்திய விசாரணை அறிக்கை சொன்னது.

மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். மின்சாரம், கால்வாய், கரும்பு என்று அணைக்கு ஒரு வேலை இருந்தவரை அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. வேலை போய் அழகு மட்டும் மிஞ்சியபோது ஆபத்து வளர்ந்தது. படகோ தூண்டிலோ எந்தக் கரையையும் உடைக்கவில்லை. பார்த்துக்கொள்ளும் பொறுப்பை யாரும் எடுத்துக்கொள்ளாமல் போனதும், வசதிக்காகத் தண்ணீர் போகிற வழியில் கை வைத்ததும்தான் உடைத்தன.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஏரிக்குக் கீழே வயல் இருந்தவரை ஆயக்கட்டு விவசாயிகளுக்கு ஏரி சோறு போட்டது. மடை திறக்கவும் மூடவும், கரையைச் சுற்றி வரவும் ஊரே தானியம் கொடுத்து ஒரு ஆளை வைத்திருந்தது. நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும், வேலை ஒன்றுதான். இன்று நகரத்தை ஒட்டிய ஏரிகளுக்குக் கீழே வயல் இல்லை, பிளாட் இருக்கிறது. நீர்க்கட்டியும் இல்லை. கரைமேல் நாம் இருக்கிறோம், காதில் இயர்போனோடு.

பெரியவர் கேட்ட கேள்வி

கரையில் ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர் உண்டு. வாக்கிங் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் அவர் அப்பாவோடு மடை வேலை பார்த்தவராம். போன கோடையில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, கரையின் வெளிப்பக்க அடிவாரத்தைக் காட்டினார்.

"தம்பி, சுத்தி எல்லாம் காஞ்சு கெடக்கு. இங்க மட்டும் கோரை பச்சையா நிக்குது பாத்தியா?"

"ஆமா தாத்தா, அழகா இருக்கு" என்றேன். (சிவில் மாணவன்! தலையில் அடித்துக்கொள்ளலாம்.)

"அழகா? கரை கசியுதுப்பா. கசியுற தண்ணி தெளிவா வந்தா பரவால்ல, பாத்துக்கிட்டே இருக்கணும். கலங்கி வந்துச்சுன்னா கரை உள்ளுக்குள்ள கரையுதுன்னு அர்த்தம். அன்னிக்கு ராத்திரி தூங்கக் கூடாது."

எங்கள் பாடப்புத்தகம் இதையே நாலு பக்கத்துக்குச் சொல்கிறது. மண் கரை சாவதற்குப் பெரிய வழிகள் மூன்றுதான். ஒன்று, தண்ணீர் உச்சிமேல் ஏறி வழிந்து வெளிச்சரிவை அரிப்பது. கான்கிரீட் அணை கொஞ்ச நேரம் தாங்கலாம், மண் தாங்காது. இரண்டு, உள்ளே கசியும் தண்ணீர் மண்ணையும் சேர்த்துக் கொண்டுபோய், கரைக்குள் குழாய் மாதிரி வழி உண்டாக்குவது. நண்டு வளை, எலி வளை, செத்துப்போன மரத்தின் மட்கிய வேர், கரைக்குள் பதித்த குழாயின் ஓரம் எல்லாம் அதற்கு ரெடிமேட் பாதை. மூன்று, ஊறிப்போன சரிவு அப்படியே சரிவது. இந்த மூன்றுமே பெரும்பாலும் முன்கூட்டியே அடையாளம் காட்டும். ஆனால் அந்த அடையாளம் நடைபாதையில் இருந்து பார்த்தால் தெரியாது. கீழே இறங்க வேண்டும்.

அந்த ஒரு அடி

மனுவில் கேட்ட ஒரு அடிக்கு வருகிறேன். கலங்கல் என்பது ஏரியின் கொள்ளளவைக் காட்டும் கல் மட்டும் இல்லை. வெள்ளம் வந்தால் கரைமேல் ஏறாமல் தப்பித்துப் போகும் வாசல். கலங்கலின் உச்சிக்கும் கரையின் உச்சிக்கும் நடுவில் 3 அடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கலங்கலை ஒரு அடி உயர்த்தினால் 2 அடிதான் மிச்சம். உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதானே போச்சு என்று தோன்றும். ஆனால் கலங்கல்மேல் போகும் தண்ணீரின் அளவு, உயரத்தின் ஒன்றரை மடிப்படி மாறும். கணக்குப் போட்டுப் பாருங்கள், கரை மூழ்காமல் வெளியேற்றக்கூடிய வெள்ளம் ஏறக்குறைய பாதியாகிவிடும். படகுக்கு ஒரு அடி, கரைக்குப் பாதி உயிர். சவுத் ஃபோர்க் கிளப் கரையைத் தாழ்த்தியது, நாம் கலங்கலை உயர்த்தக் கேட்கிறோம். கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.

"நம்ம ஊர்ல அவ்வளவு மழை எங்கடா பெய்யுது?" என்பான் என் ரூம்மேட். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் எத்தனையோ குளங்கள் உடைந்தன. வறண்ட பூமி என்று நாம் பெயர் வைத்த பக்கம் அது.

சட்டம் என்ன சொல்கிறது?

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று தேடினேன். இருக்கிறது. அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021. ஆனால் அது எந்த அணைக்குப் பொருந்தும்? 15 மீட்டருக்கு மேல் உயரம் இருக்க வேண்டும். அல்லது 10-ல் இருந்து 15 மீட்டருக்குள் இருந்து, கூடவே 500 மீட்டர் நீளமோ, 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவோ, நொடிக்கு 2,000 கன மீட்டர் வெள்ளமோ இருக்க வேண்டும். அடித்தளம் ரொம்பச் சிக்கல், வடிவமைப்பு வழக்கத்துக்கு மாறானது என்றாலும் சேர்த்துக்கொள்வார்கள்.

கெல்லி பார்ன்ஸ் அணையை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். 38 அடி என்றால் 11.6 மீட்டர். நீளம் 122 மீட்டர். உடையும்போது உள்ளே இருந்த தண்ணீர் சுமார் 7.8 லட்சம் கன மீட்டர். அதாவது, 39 பேரைக் கொன்ற அந்த அணை, அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் நம் சட்டத்தின் கண்ணுக்கே படாது! நம் ஏரிக்கரைகளில் பெரும்பாலானவை 10 மீட்டரைக்கூடத் தொடுவதில்லை.

அமெரிக்காவில் டக்கோவாவுக்குப் பிறகு என்ன நடந்தது என்றால், அப்போதைய ஜனாதிபதி கார்ட்டர் (அவரும் ஜார்ஜியாக்காரர்தான்), உடைந்தால் உயிர்ச்சேதம் வரக்கூடிய, மத்திய அரசுக்குச் சொந்தமில்லாத அணைகளைச் சோதிக்கச் சொன்னார். 1981-க்குள் 8,818 அணைகளைப் பார்த்தார்கள். 2,925 பாதுகாப்பற்றவை என்று தெரிந்தது. மூன்றில் ஒன்று! அங்கே கேட்ட கேள்வி "எவ்வளவு உயரம்?" என்பது மட்டும் இல்லை, "கீழே யார் இருக்கிறார்கள்?" என்பதும்தான். சின்ன ஏரிகளுக்கு நாமும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். 20 வருஷம் முன்னால் கரைக்குக் கீழே நெல் இருந்தது. இன்று அங்கே வீடுகள் இருக்கின்றன, நம் ஹாஸ்டல் இருக்கிறது. கரை மாறவில்லை, ஆபத்து மாறிவிட்டது.

அப்படியானால் வேலி போட்டு மூடிவிடலாமா?

கூடவே கூடாது. ஆட்கள் போகாத ஏரி என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். முதலில் குப்பை வரும், அப்புறம் கட்டட இடிபாடு வரும், அப்புறம் பட்டா வரும். வாக்கிங் போகிற ரிட்டயர்டு ஆசாமிகளும் கிரிக்கெட் பையன்களும் இருப்பதால்தான் பல ஏரிகள் இன்னும் ஏரியாக இருக்கின்றன. என்னைப் பொறுத்தவரை படகு டிக்கெட் வாங்குகிற ஒவ்வொருவரும் அந்தக் கரைக்குக் கிடைத்த புது ஆயக்கட்டுதாரர். ஏரியால் பலன் அடைகிறவன் ஏரிக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பது பழைய நியாயம். அன்று நெல்லாகக் கொடுத்தார்கள், நாம் டிக்கெட்டாகக் கொடுப்போம்.

அதனால் மனுவைக் கிழிக்க வேண்டாம், திருத்தி எழுதுவோம் என்கிறேன். நான் சேர்க்கச் சொல்வது இவைதான்:

1. கலங்கல் உயரத்தில் கை வைக்கக் கூடாது. பலகை, மணல் மூட்டை, மீன் வலை எதுவும் அதன் வாயில் இருக்கக் கூடாது. தண்ணீர் அதிக நாள் நிற்க வேண்டும் என்றால் தூர் வாருங்கள்.

2. கரைச் சரிவில் தானாக முளைத்த சீமைக் கருவேலத்தையும் ஆல், அரசங் கன்றுகளையும் சிறிதாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். பெரிய மரத்தை வேரோடு பிடுங்கிக் குழியை அப்படியே விட்டால் அது இன்னும் மோசம், பொறியாளர் பார்த்துச் செய்ய வேண்டும். (பனை கரைக்குக் காவல் என்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நான் பனையைச் சொல்லவில்லை.)

3. விளக்குக் கம்பத்துக்கும் குடிநீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் கரையைக் குறுக்கே தோண்டக் கூடாது.

4. மதகின் ஷட்டர் ஏறி இறங்குகிறதா என்று ஒவ்வொரு வருஷமும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இயக்கிப் பார்க்க வேண்டும். அவசரத்துக்கு ஏரியைக் காலி செய்ய அது ஒன்றுதான் வழி.

5. படகு வருமானத்தில் இருந்து சம்பளம் கொடுத்து ஒரு கரைக் காவலர். தினமும் வெளிச்சரிவின் அடிவாரத்தில் நடந்து, ஈரம், விரிசல், வளை, சரிவு இருந்தால் நோட்டில் எழுத வேண்டும். கலங்கிய தண்ணீரைப் பார்த்தால் யாருக்குப் போன் செய்வது என்று கரையில் ஒரு போர்டு.

6. எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். 2009 செப்டம்பரில் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் போனதை மறக்க வேண்டாம். கலங்கல் பாயும் நாட்களில் படகு கிடையாது. மதகுக்கும் கலங்கலுக்கும் பக்கத்தில் குளிக்கவும் கூடாது, உள்ளே இழுக்கும் தண்ணீரோடு யாரும் நீச்சல் போட்டி வைக்க முடியாது.

இதில் எதற்கும் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. நடைபாதைக்குப் போட்ட டைல்ஸ் காசில் பாதி கூட ஆகாது என்பது என் எண்ணம். ஆனால் டைல்ஸ் போட்டால் திறப்பு விழா வைக்கலாம். நண்டு வளையை அடைத்ததற்கு யாரும் ரிப்பன் வெட்ட மாட்டார்கள். பிரச்சனையே அதுதான்.

அந்தக் கோரை இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. நேற்று இறங்கிப் பார்த்தேன். கசிவு தெளிவாகத்தான் வருகிறது. ஒரு பாட்டிலில் பிடித்து ரூமில் வைத்திருக்கிறேன், அடியில் மண் படியவில்லை. அடுத்த மழைக்குப் பிறகும் பிடிப்பேன். துணைக்கு வருகிற கிளாஸ்மேட்ஸ் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மதகுக்குப் பக்கத்தில் வந்துவிடுங்கள், பெரியவரையும் கூப்பிட்டிருக்கிறேன். வெளியூர் நண்பர்கள் அவரவர் ஊர் ஏரிக்கரையின் அந்தப் பக்கம் ஒரு தடவை இறங்கிப் பாருங்கள்.

17-வது கையெழுத்தை அடிக்கவில்லை. திருத்திய மனுவில் முதல் கையெழுத்தாகப் போடுகிறேன். இந்தத் தடவை எல்லோரும் படித்துவிட்டுப் போடுங்கப்பா.